உங்கள் சந்தின் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்

தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் பிறந்து வளர்ந்த தமிழ்த் தம்பி தங்கைகளுக்கு,

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச் 18-ஆம் தேதி கமலா ராமன் நகரில் தொடங்கிய சர்வே இதற்குள் உங்களில் பலருடைய சந்துக்கும் வந்துபோயிருக்கும். கதவுக்கு மேலே ஓர் எண் எழுதினார்கள். வீட்டை அளந்தார்கள், படம் எடுத்தார்கள், காகிதங்களைக் கேட்டார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்கும் தேதிகள் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருக்கும் குடும்பத்துக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பிறகு, 2011 ஜனவரி 1 வரைக்கும் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால் 300 சதுர அடி வீடு. அதற்கும் பின்னால் வந்தவர்களுக்கும் மாலாவில், அதாவது மேல்தளத்தில், குடியிருப்பவர்களுக்கும், 2022 நவம்பர் 15-க்குள் இருந்ததற்குச் சான்று காட்டினால், வெளியே எங்கோ வாடகை கட்டிக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு. முலுண்ட், தேவ்னார், மலாட் என்று இடங்களின் பெயர்கள் அடிபடுகின்றன.

ஒரே கூரையின் கீழ் அண்ணன் தரையிலும் தம்பி மாலாவிலும் இருந்தால், அண்ணன் சயான் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்திலேயே இருப்பான். தம்பி தேவ்னாருக்குப் போவான். குடும்பத்தை இப்படிப் பிரித்து வைக்கும் வலு ஒரு தேதிக்கு இருக்கிறது.

சர்வேக்கு ஒத்துழைக்கலாமா கூடாதா என்று வாதாட நான் இதை எழுதவில்லை. புதிய வீடு வரட்டும், பிள்ளைகளாவது ஒழுங்கான கழிப்பறையோடு வாழட்டும் என்பவர்களும், திட்டத்தை எதிர்க்கும் தாராவி பச்சாவ் ஆந்தோலன் கூட்டங்களுக்குப் போய் நிற்பவர்களும் ஒரே வீட்டுக்குள் இருக்கிறார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நான் உங்களிடம் கேட்பது வேறு. வெளியிலிருந்து வந்து எடுத்த கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு, உங்கள் சந்தின் கணக்கை நீங்களே ஒரு முறை எடுங்கள். எண்ணும்போதே ஒவ்வொரு வீட்டின் கதையையும் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதி வையுங்கள். இது புதிதாக நான் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை அல்ல. உங்கள் தாத்தாக்களும் ஆச்சிகளும் இதை ஒரு தடவை செய்து முடித்திருக்கிறார்கள்.

1985 டிசம்பரில் காங்கிரஸ் நூற்றாண்டு விழாவுக்காகப் பம்பாய் வந்த ராஜீவ் காந்தி, நகரத்துக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் 37 கோடி தாராவிக்கு என்று ஒதுக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையில் குழு அமைந்தது. தாராவியில் நெரிசல் அதிகம், ஒரு பகுதிக் குடும்பங்களை வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சும் கூடவே வந்தது. எத்தனை குடும்பங்களை? அதற்கு முதலில் தாராவியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அரசின் கையிலிருந்த மதிப்பீடு மிகக் குறைவாக இருந்தது. மொத்தத்தையே குறைத்துச் சொன்னால், கணக்கில் வராதவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியே எழாது. அதைப் புரிந்துகொண்ட ஆட்கள் தாராவிக்குள் இருந்தார்கள். 1986-இல் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் ஸ்பார்க் அமைப்பும் தாராவியின் ப்ரவுட் அமைப்பும் சேர்ந்து மறுபடி எண்ணின. எண்ணியவர்கள் அந்தந்தச் சந்தின் ஆட்களே. ஒரு லட்சத்துக்கு மேல் குடும்பங்கள், ஐந்து லட்சத்துக்கு மேல் ஆட்கள் என்று கணக்கு வந்தது. சிறிதும் பெரிதுமாக 1,044 உற்பத்திப் பட்டறைகள் என்று அந்தக் கணக்கு பட்டியலிட்டது. தாராவியைச் சேரி என்று மட்டும் பார்த்தவர்களுக்கு முன்னால், இது தொழில் நடக்கிற ஊர் என்பதைத் தோல், மண்பாண்டம், துணி, பலகாரம் என்று இனம் பிரித்து எழுதிக் காட்டியது அந்தக் காகிதக் கட்டுதான்.

இப்படி எண்ணும் வித்தையைப் பம்பாய்க்கும் பிறகு உலகத்துக்கும் கற்றுக்கொடுத்தவர்களில் முதலிடத்தில் வைக்க வேண்டிய மனிதர் ஒரு தமிழர். ஜோக்கின் அற்புதம். உங்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று எனக்குக் கவலை உண்டு, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1960-களில் பம்பாய் வந்து தச்சு வேலை செய்தவர். மான்குர்து பக்கம், அணுசக்தி ஆராய்ச்சி மையத்துக்கு அருகில் இருந்த ஜனதா காலனியில் வாழ்ந்தார். குப்பை அள்ள மாநகராட்சி வரவில்லை என்று காலனிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய், அந்தக் குப்பையை மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்டிவிட்டு வந்தவர். 1974-இல் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு உருவாக அவரே காரணம். ஜனதா காலனியைக் காப்பாற்ற நீதிமன்றம், டில்லி என்று அலைந்தார். பல முறை கைதானார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் டிராம்பே பக்கம் ஒரு சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டார்கள். இன்று செம்பூரிலிருந்து பஸ் ஏறிப் போகும் சீத்தா கேம்ப் அதுதான். அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், ஜனதா காலனிக் கதையை அவர்களிடம் கேளுங்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகு ஜோக்கினும் தோழர்களும் போராட்டத்தோடு கூட இன்னொரு வேலையையும் கையில் எடுத்தார்கள். இடிக்க வரும்போது எதிர்த்து நிற்பது ஒரு வேலை. இங்கே இத்தனை குடும்பம், இத்தனை ஆண்டாக இருக்கிறது, இன்னின்ன வேலை செய்கிறது, பிள்ளைகள் இன்ன பள்ளியில் படிக்கிறார்கள் என்று எழுதிய காகிதத்தோடு நிற்பது அதைவிடக் கடினமான வேலை. 1985-இல் ஸ்பார்க் அமைப்பு பைக்குல்லாவை ஒட்டிய பகுதிகளில் நடைபாதைவாசிகளின் கணக்கை எடுத்து வெளியிட்டது. சுமார் 6,000 குடும்பங்கள். நேற்று வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்று நகரம் நினைத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் பத்து இருபது ஆண்டுகளாக அதே நடைபாதையில் வாழ்ந்தவர்கள் என்பதை நகரம் அப்போதுதான் தெரிந்துகொண்டது. அந்த நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள் சேர்ந்து 1986-இல் மகிளா மிலன் ஆனார்கள். பிறகு இந்த எண்ணும் முறை தென்னாப்பிரிக்கா, கென்யா என்று போனது. 1996-இல் உலகக் குடிசைவாசிகள் அமைப்பு பிறந்தது. ஜோக்கினுக்கு 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2018 அக்டோபர் 13-இல் காலமானார்.

அரசு எண்ணிக்கையில் பெயர் வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு, நடைபாதைக் கணக்கு வெளிவந்த அதே 1985-இல் வந்த தீர்ப்பு ஒன்று சாட்சி. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன இடத்தை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் நடைமுறையில் மாற்று இடம் யாருக்கு என்று வந்தபோது, 1976-இல் கணக்கெடுக்கப்பட்டு அடையாள அட்டை பெற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் அந்தத் தீர்ப்பு சொன்னது. மகாராஷ்டிர அரசு 1976 ஜனவரி 4-ஆம் தேதி குடிசைகளை எண்ணியது. அதன் பிறகு வந்ததுதான் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் போட்டோபாஸ். எண்ணிய நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் பிரசவத்துக்குப் போயிருந்தவளுக்கு அந்த அட்டை கிடைத்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கிடைத்திருக்கும். இருவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்.

ஏன் ஒவ்வொரு தடவையும் கணக்கு வேறாக வருகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எண்ணுகிறவர் பொய்யர் என்று நினைக்க வேண்டியதில்லை. அவர் பகலில் வருகிறார். பகலில் தாராவி பாதி வெளியே இருக்கும். அவர் கட்டடத்தை எண்ணுகிறார். கட்டடத்துக்குள் மூன்று அடுப்பு எரிகிறதா என்று அவர் பார்ப்பதில்லை. தாய்க்கு ஒரு அடுப்பு, மூத்த மகனுக்கு ஒன்று, மாலாவில் வாடகைக்கு இருக்கும் உத்தரப் பிரதேசத்துக் குடும்பத்துக்கு ஒன்று. அவர் பட்டறையைப் பட்டறை என்று எழுதிக்கொண்டு போகிறார். இரவில் அதே தையல் மெஷின்களுக்கு இடையில் பன்னிரண்டு பையன்கள் பாய் விரிப்பது அவர் படிவத்தில் இல்லை. 2007–08-இல் மஷால் என்ற அமைப்பு அரசுக்காகத் தாராவியைக் கணக்கெடுத்தபோது சுமார் 60,000 கட்டுமானங்கள் என்று வந்தது. அதற்கு இருபது ஆண்டுக்கு முன்னாலேயே உங்கள் ஆட்கள் ஒரு லட்சம் குடும்பம் எண்ணியிருந்தார்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம், ஏனென்றால் ஒன்று கூரைகளின் எண்ணிக்கை, இன்னொன்று அடுப்புகளின் எண்ணிக்கை. எதை எண்ணுவது என்று முடிவு செய்கிறவர் பாதி விடையை அப்போதே எழுதிவிடுகிறார். அதனால்தான் நீங்களும் ஒரு கணக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

பெயர் விஷயத்தில் தமிழர்களாகிய நமக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. இசக்கியம்மாள் என்று ஒரு பாட்டியை வைத்துக்கொள்வோம். ரேஷன் கார்டில் மராத்தி எழுத்தில் ஒரு மாதிரி இருக்கிறார். வாக்காளர் பட்டியலில் புருஷன் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து இருக்கிறார். மின்சார பில்லில் மாமனார் பெயர் மட்டும். ஆதாரில் இனிஷியல் விரிந்து முன்னாலோ பின்னாலோ போய் உட்கார்ந்திருக்கிறது. குடும்பப் பெயர் என்ற ஒன்று நம் வழக்கத்திலேயே இல்லை, இங்கே எல்லாப் படிவமும் அதைத்தான் கேட்கிறது. ழகரம் இருக்கும் பெயர் என்றால் இந்தியில் ஒரு எழுத்து, மராத்தியில் ஒரு எழுத்து, ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்து. காகிதத்தைப் பார்க்கிற குமாஸ்தாவுக்கு இது நாலு ஆட்கள். சந்தில் இருக்கும் எல்லோருக்கும் இது ஒரே இசக்கிப் பாட்டி. நீங்கள் எடுக்கும் கணக்கில் ஒவ்வொருவர் பெயரும் எந்தக் காகிதத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எல்லா வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிழை திருத்த விண்ணப்பம் போட வேண்டியிருந்தால், பட்டியல் வெளியாகிற வரை காத்திராமல் இப்போதே தொடங்கலாம்.

இனிமேல் கதைக்கு வருகிறேன், என் மனதுக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

எப்போது வந்தீர்கள் என்று ஆச்சியிடம் கேட்டால் ஆண்டு சொல்லத் தெரியாது. "உங்க அப்பன் வயித்துல இருக்கும்போது வந்தேன்" என்பார். அதோடு பல பேர் நோட்டை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். காமராசர் செத்தபோது இங்கே இருந்தீர்களா, ஊரில் இருந்தீர்களா என்று கேளுங்கள். அது 1975 அக்டோபர் 2. இந்திரா காந்தியைச் சுட்டபோது? 1984 அக்டோபர் 31. தத்தா சாமந்த் மில் வேலைநிறுத்தம் நடந்தபோது தாத்தாவுக்கு வேலை இருந்ததா? அது 1982 ஜனவரியில் தொடங்கியது. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. "அன்னிக்கு இந்தச் சொவருக்குத்தான் சிமெண்டு பூசிக்கிட்டு இருந்தோம்லா, வானொலியில கேட்டுட்டு கொத்தனார் அப்படியே ஒக்காந்துட்டாரு" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சுவரின் வயது கிடைத்துவிட்டது. 1992–93 கலவரத்தில் எந்த வீட்டில் ஒளிந்திருந்தீர்கள், யார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று கேளுங்கள், அந்தச் சந்தில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்று ஒரு பட்டியலே வரும். 2005 ஜூலை 26 மழையைக் கேளுங்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த நாள். மித்தி ஆறு உள்ளே வந்தபோது தகரப் பெட்டியோடு எந்தெந்தக் காகிதம் போயிற்று என்பதை அன்றைக்கே எழுதி வைத்தவர் யாரும் இல்லை. இப்போதாவது எழுதிவிடுங்கள். போன காகிதத்தின் கதையும் கணக்கில் சேர்ந்ததுதான்.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். அக்கா 1971 என்பாள், தங்கை அதற்கு முன்னாலேயே என்பாள். இரண்டையும் எழுதுங்கள். நீங்களே நீதிபதியாகி ஒன்றை அடித்துவிட வேண்டாம். இன்னும் நாலு பேரிடம் கேட்டால் உண்மை தானாக ஒரு பக்கம் சாயும். பேசுகிறவர் திருநெல்வேலிப் பேச்சில் பேசினால் அப்படியே எழுதுங்கள், புத்தகத் தமிழாக்க வேண்டாம். அவர் மராத்தியும் பம்பாய் இந்தியும் கலந்து பேசினால் அதையும் விட்டுவிட வேண்டாம். போனில் குரலைப் பதிவு செய்யும் முன் சம்மதம் கேளுங்கள். சிலர் சொல்ல விரும்பாத கதைகள் இருக்கும், வாடகைக்கு விட்டது, விற்றது, புருஷன் போனது. அதைத் தோண்ட வேண்டாம்.

பெண்களிடம் முதலில் போங்கள் என்பேன். எந்த வீட்டில் எத்தனை அடுப்பு, எந்தக் குழாய் எந்த ஆண்டு வந்தது, பொதுக் கழிப்பறைக்கு எந்த வழியாகப் போவார்கள், எந்தப் பிள்ளை எந்த வீட்டில் பிறந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். பெண்கள் சொல்வதைக் கேட்டுப் பாதுகாப்பதற்கென்றே ஒரு காப்பகம் இந்த நகரத்தில் இருக்கிறது, அதை 1988-இல் தொடங்கியவர்களில் ஒருவர் நம் எழுத்தாளர் அம்பை. ஸ்பேரோ என்று பெயர். வாய்மொழி வரலாறு எப்படிப் பதிவு செய்வது, எப்படி அடுக்கி வைப்பது என்று கற்றுக்கொள்ள நீங்கள் ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை.

தாராவியின் கதையை மற்றவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். பம்பாய்த் தாதா வரதராஜ முதலியாரின் சாயலில் 1987-இல் 'நாயகன்' படம் வந்தது. 2018-இல் பா. ரஞ்சித்தின் 'காலா' வந்தது, திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை நடுவில் வைத்து நிலம் யாருடையது என்று கேட்டது, அதை நான் மதிக்கிறேன். கல்பனா சர்மா 2000-இல் எழுதிய ஆங்கில நூல் இன்றும் நல்ல நூல். வேலை தேடிப் பம்பாய் வந்த தமிழ் இளைஞனை நாஞ்சில் நாடன் 'மிதவை'யில் எழுதியிருக்கிறார். இவை எதிலும் உங்கள் சந்துக்கு முதல் குழாய் எப்போது வந்தது என்று இருக்காது. அதை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

தேதிக்கும் கதைக்கும் உள்ள உறவு வீட்டு விஷயத்தோடு முடியவில்லை. உங்களில் ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு இன்னொரு தேதி தெரிந்திருக்கும்: 1950 ஆகஸ்ட் 10. அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் வசித்தது என்று காட்டினால்தான் இங்கே பட்டியல் சாதிச் சான்றிதழ். வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவருக்குப் புதிய மாநிலத்தில் அந்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலும் 1994-இலும் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. சாதி மட்டும் ரயிலேறி உங்கள் கூடவே வந்தது, அதற்கான சலுகை ஊரிலேயே நின்றுவிட்டது. நாலு தலைமுறையாகத் தாராவியில் இருந்துகொண்டு, கல்லூரிச் சேர்க்கைக்கு நிற்கும் பிள்ளை பொதுப் பிரிவில் போட்டியிடுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள், 1950-க்கு முன்பே தாராவியில் தமிழர் இருந்ததற்கு ஊரே சாட்சி. படி மஸ்ஜித் 1887-இல் தொடங்கியது என்கிறார்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் தொழிலுக்கு வந்த முஸ்லிம்களின் பள்ளிவாசல். தாராவியின் முதல் தோல் பதனிடும் கூடமும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததே. தமிழர்களின் கணேசர் கோயில் 1913. அங்கே கும்பிட்டவர்களின் பேரப் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும்தான் நீங்கள். ஊர் சாட்சி சொல்கிறது, ஆனால் அலுவலகம் உங்கள் தாத்தாவின் பெயர் போட்ட காகிதத்தைக் கேட்கிறது. அந்தக் காகிதம் எங்கே கிடைக்கலாம்? மாநகராட்சிப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு. தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவு. இடுகாட்டுப் பதிவு. கோயில் நன்கொடைக் கல்வெட்டு. ஊரில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டு விலாசமாகத் தாராவி போட்டிருக்கும். ஊருக்கு அனுப்பிய மணியார்டர் ரசீது. எந்த அதிகாரி எதை ஏற்பார் என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதை ஆச்சியின் கதைதான் காட்டிக்கொடுக்கும். "ஒங்க பூட்டன் இந்தப் பள்ளிக்கூடத்துலதான் ரெண்டாங் கிளாசு படிச்சாரு" என்ற ஒரு வரி போதும், போய்ப் பதிவேட்டைக் கேட்கலாம். அந்த வரி தெரிந்த ஆச்சிகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறார்கள்.

தேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இருக்கிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டியது 2027-க்குப் போயிற்று. இந்த முறை சாதியும் கேட்கப்படும். தாய்மொழி எப்போதும் போலக் கேட்கப்படும். 2011-இல் மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். உங்களில் பலர் வீட்டுக்குள் தம்பியோடு இந்தியில் சண்டை போடுகிறீர்கள், அம்மாவோடு தமிழில் பேசுகிறீர்கள், வேலையிடத்தில் மராத்தி. கேட்க வருகிறவர் கதவைத் திறந்த பையனின் பேச்சைக் கேட்டு இந்தி என்று எழுதிவிட்டுப் போகக்கூடும். தமிழ் என்று சொல்லி, எழுதியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் வகுப்பு வகுப்பாகச் சுருங்கிவரும்போது, இந்த வார்டில் இத்தனை தமிழ்ப் பிள்ளைகள் என்று சொல்ல ஓர் எண்ணாவது கையில் வேண்டும்.

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளிலும் செம்பூரிலும் இருக்கும் தமிழர்களுக்கு இதில் என்ன வேலை என்று யாராவது கேட்கலாம். நான் செம்பூரில் இருப்பவன். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர்களின் கதை நூலாகவும் விழா மலராகவும் பத்திரமாக இருக்கிறது. சபாக்களுக்கும் பஜனை சமாஜங்களுக்கும் ஆண்டறிக்கை உண்டு, வெள்ளி விழா மலர் உண்டு. அதே ஊர்களிலிருந்து, அதே தாதர் ஸ்டேஷனில் இறங்கி, ரெண்டு மைல் தள்ளிப் போய்க் குடியேறியவர்களுக்கு மலர் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களும் வக்கீல்களும் ஆசிரியர்களும் நிறைய உண்டு. பெயர்த் திருத்த மனு எழுதவும், மராத்திக் காகிதத்தைப் படித்துச் சொல்லவும், பதிவு செய்ததைத் தட்டச்சு செய்யவும் அவர்களை வேலை வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம், வர வேண்டியது எங்கள் கடமை.

ஒரு வேண்டுகோள் அழுத்தமாக. தமிழ் வீடுகளை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சந்து என்றால் முழுச் சந்து. மாலாவில் இருக்கும் பீகார்ப் பையன்களுக்கு இங்கே ஆச்சி இல்லை, கதை சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அவர்கள் பெயரைக் கணக்கில் சேர்க்கக் கேட்பாரும் இல்லை. ஒரு காலத்தில் உங்கள் தாத்தாவும் அப்படித்தான் தோல் கூடத்தில் படுத்திருந்தார். கும்பார்வாடாக் குயவர்களும் கோலிவாடா மீனவர்களும் அவரவர் கணக்கை எடுக்கத் தெரிந்தவர்கள். அவர்களோடு எல்லை எங்கே முடிகிறது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு வீடு இரண்டு பட்டியலிலும் வரும், எதிர்த் தரப்பு அது ஒன்றை வைத்தே முழுப் பட்டியலையும் பொய் என்று தள்ளிவிடும்.

அதே காரணத்துக்காக, யாரையும் தப்பான தேதியில் சேர்க்காதீர்கள். 2003-இல் வந்த மாமாவை 1999 என்று எழுதச் சொல்லி வீட்டிலேயே கெஞ்சுவார்கள். 2000 ஜனவரி 1 என்ற கோடு அநியாயம் என்று நினைத்தால் கோட்டை எதிர்த்துப் பேசுங்கள், நானும் கூட வருகிறேன். பட்டியலில் பொய் எழுத வேண்டாம். 1986-இன் கணக்கை அரசால் ஒதுக்கித் தள்ள முடியாமல் போனது அதில் வீட்டுக்கு வீடு ஆள் இருந்ததால்தான்.

வேலையை இப்படித் தொடங்கலாம். ஒரு சந்துக்கு இரண்டு பேர், ஒரு ஆண் ஒரு பெண். ஒருவராவது அந்தச் சந்திலேயே பிறந்தவராக இருக்கட்டும். முதலில் காகிதத்தில் சந்தின் படம் வரையுங்கள், வாசல் வாசலாக. மாலாவுக்குத் தனிக் கட்டம் போடுங்கள். அடுப்பை எண்ணுங்கள், பிறகு தலையை எண்ணுங்கள். பட்டறைகளுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு தடவை போங்கள். சர்வேக்காரர் எழுதிய எண்ணையும் உங்கள் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பிற்பாடு ஒப்பிட அது தேவைப்படும். ஒவ்வொரு வீட்டுப் பக்கத்தையும் அந்த வீட்டு ஆளிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். முடிந்ததும் கோயில் வாசலிலோ ஜமாத்திலோ தேவாலயத் திண்ணையிலோ எல்லோரையும் கூட்டி முழுப் பட்டியலையும் சத்தமாக வாசியுங்கள். விட்டுப்போன பெயரை அங்கேயே யாராவது சொல்வார்கள். அதிகாரபூர்வமான வரைவுப் பட்டியல் வெளியாகும்போது ஆட்சேபம் சொல்ல நாள் கொடுப்பார்கள், அந்த நாட்கள் சீக்கிரம் ஓடிவிடும். அப்போது உட்கார்ந்து யோசிக்கக்கூடாது, உங்கள் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும்.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று சந்தில் எல்லோரும் நம்பும் ஒருவர் வீட்டில். ஒன்று தாராவிக்கு வெளியே, உள்ளே தண்ணீர் வந்தாலும் தீ வந்தாலும் தப்பிக்கட்டும். மூன்றாவதை ஊருக்கு அனுப்புங்கள், நாங்குநேரியிலோ வள்ளியூரிலோ இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு. இங்கே விட்டுப்போன பெயர்கள் சில அங்கே இருக்கும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், வாசித்துவிட்டுப் போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்